எந்தப் பேஸ்ட்?

என் சித்தி வீடியோ எடிட்டர். யாரோ எடுத்துவரும் காட்சிகளை வெட்டி, ஒட்டி, உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவது அவர் வேலை. முன்பு வேறு ஊரில் ஓர் அலுவலகத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். ஒன்றாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் ஒருநாள் பள்ளியில், "எங்க அம்மா ஞாயித்துக்கிழமை அம்மா" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சித்தி சிரிக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டார்.

வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்காக எங்கெங்கோ கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு நிறுவனம் சோதனைக்கு ஒரு சின்னப் படம் கொடுத்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. இல்லையென்றால் பழைய அலுவலகத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் கால் தரிக்காமல் திரிந்துகொண்டிருந்த நான், அந்த வெள்ளிக்கிழமை மதியம் சித்தி வீட்டில் இருந்தேன். எடிட்டிங் முடிந்துவிட்டது. முழுப் படத்தையும் ஒரே ஃபைலாக மாற்ற வேண்டியதுதான் பாக்கி. கம்ப்யூட்டருக்குப் பெண்டு நிமிர்வது அந்த வேலையில்தான். பாதி வருவதற்குள் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது.

மறுபடி போட்டார். இந்த முறை திரை ஓரத்தில் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் வெப்பநிலையைத் தெரிய வைத்தார். எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. மறுபடி கறுப்பு.

"சூடு தாங்காம ஆஃப் ஆகுது. போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் சித்தி.

போன வாரம்தான் லாரி டிரைவரான சித்தப்பா கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டியிருந்தார். பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தணிக்கும் கூலரையும் கழற்றித் துடைத்தார். "எஞ்சினையே இறக்கி ஏத்துறவன் நான். இந்த டப்பா எம்மாத்திரம்?" என்று அன்று பெருமை வேறு.

அன்று சித்தப்பாவுக்குப் போனில் வழி சொன்ன கம்ப்யூட்டர் கடை 'ஸ்க்ரூ' அண்ணனுக்குச் சித்தி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். காதோரம் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"ஃபேன் சுத்துதாக்கா?"

"சுத்துது."

"கூலரைக் கழட்டினாரே, பேஸ்ட் போட்டுத்தானே மாட்டினாரு?"

"நீ சொன்ன மாதிரியே போட்டேம்பா, தாராளமா" என்றார் சித்தப்பா, கட்டிலில் உட்கார்ந்தபடி.

"அப்ப பிராசஸரே போயிருக்கும் போல. நாளைக்குக் கொண்டு வாங்க, பாக்கலாம்."

நாளைக்கு! சித்தி போனை வைத்துவிட்டு, பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் முன்னால் ஓடவிட்டார். முன்னைவிடக் கொஞ்சம் அதிக தூரம் போனது. மறுபடி அணைந்தது. அவர் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தன.

அப்போதுதான் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் திறந்த பெட்டிக்குள் மூக்கை நீட்டினாள்.

"அம்மா, கம்ப்யூட்டர் பல்லு தேய்ச்சிச்சா?"

சித்தி குனிந்து மோந்து பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"என்னங்க... எந்தப் பேஸ்ட் போட்டீங்க?"

"இது என்ன கேள்வி? வீட்ல என்ன, ரெண்டு பேஸ்டா இருக்கு?" என்ற சித்தப்பாவின் குரல் அடுத்த வரியில் இறங்கிவிட்டது. "குளிர்ச்சியா இருக்கும்னு மேல எழுதியிருந்துச்சும்மா. கம்ப்யூட்டருக்கும் நல்லதுதானேன்னு..."

சித்தி திட்டவில்லை. மறுபடி போனை எடுத்தார்.

போனில் ஸ்க்ரூ அண்ணன் சிரித்து ஓய நேரமானது. "அடுத்த தடவை பவுடரும் பூசிவிடச் சொல்லுங்கக்கா!" பிறகுதான் விளக்கினார். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த இடையில் தனி பேஸ்ட் வேண்டும். பல் தேய்க்கிற பேஸ்ட் ஈரம் இருக்கும்வரை சமாளிக்கும், காய்ந்ததும் சுண்ணாம்பாகிவிடும். சூடு வெளியே போக வழியில்லை.

நான் சைக்கிளை மிதித்துப் போய் சரியான பேஸ்டை வாங்கி வந்தேன். அதற்குள் சித்தி கூலரைக் கழற்றி, வெள்ளைப் பொருக்கை ஸ்பிரிட்டால் துடைத்து வைத்திருந்தார். ஸ்க்ரூ அண்ணன் போனிலேயே இருந்தார்.

"பட்டாணி அளவு, நடுவுல மட்டும். விரலால தேய்க்காதீங்க. கூலரை அழுத்தினா அதுவே பரவிடும். ஸ்க்ரூவை ஒரே மூலையில முழுசா இறுக்காம, எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க."

"வீல் நட் மாதிரியா?" என்றார் சித்தப்பா தூரத்திலிருந்து.

"அதேதாண்ணே! இதெல்லாம் கரெக்டா தெரியுது உங்களுக்கு!"

சித்தியே மாட்டினார். ஒரு ஸ்க்ரூ நழுவி விழுந்தது, தேடி எடுத்தார். ஃபேன் ஒயரைச் செருகி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஆன் செய்தார்.

அறுபது. எழுபது. எழுபத்தைந்து. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியபோது எண்பதைத் தொட்டது; சித்தி கண்ணை மூடிக்கொண்டார். "எறங்குது சித்தி" என்றேன். எழுபத்தெட்டில் நின்றது. ஃபைல் முடிந்து, இணையத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஏறி, 'அனுப்பப்பட்டது' என்று வந்தபோது ஆறு மணியாகச் சில நிமிடங்களே இருந்தன.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. சித்தி அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா அறை வாசலிலேயே நின்றார்.

"நான் உள்ள வரலாமா?"

"வாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க."