கிரிகரியின் மொட்டைக்குக் காரணம்

என் அப்பா கிரிகரிக்கு யாராவது ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. எதுக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கா?"

"பேசாததுக்குத்தான்பா போட்டிருப்பா."

அப்பா நம்ப மாட்டார். பிரிக்பீல்ட்ஸில் அவர் ஈ-ஹெய்லிங் கார் ஓட்டுகிறார். கைப்பேசிச் செயலியில் யாராவது கூப்பிட்டால் போய் ஏற்றிக்கொண்டு இறக்கிவிடுகிற வேலை. செயலியை நடத்துவது ஒரு பெரிய கம்பெனி. நாட்டையே டிஜிட்டலாக முன்னேற்றப் போவதாக எல்ஆர்டி ரயில்பாதைத் தூண்களில் எல்லாம் ஊதா நிறத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் ஒரு டிரைவர் சிரிப்பார். "இவன் டிரைவரே இல்ல. டிரைவருக்குப் பல்லு இவ்வளவு வெள்ளையா இருக்காது," என்பார் அப்பா, ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கைப்பேசி மைலோ டின்னுக்குள் போய்விடும். முன்பக்கக் கேமராமேல் எப்போதும் ஒரு துண்டு பிளாஸ்திரி. முக்கியமான விஷயம் பேச வேண்டுமென்றால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார். ஒரு தடவை என் கைப்பேசி வைஃபைக்கு 'போலீஸ் வேன் 3' என்று பெயர் மாற்றி வைத்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஜெபமாலைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடந்தது. நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கைப்பேசி உறை விற்கிற கடையில் நிற்கிறேன். கடையில் பார்க்கிற எந்த நாடகமும் எங்கள் வீட்டுக்கு ஈடாகாது.

அப்பாவின் சந்தேகம் சும்மா முளைத்தது இல்லை. அவர் பிறந்தது இங்கேயே, ரயில்வே குவார்ட்டர்ஸில். ஒருநாள் டை கட்டிய ஆட்கள் வந்து, பெரிய ஸ்டேஷன் வரப்போகிறது, உங்களுக்கெல்லாம் நல்ல காலம் என்றார்களாம். ஸ்டேஷன் வந்தது. அப்பாவின் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பேரங்காடியின் கார் நிறுத்தம். அங்கே ஆள் ஏற்றப் போனால் அம்மாவுக்குப் போன் போட்டு, "இப்ப எங்க வீட்டு அடுப்படில நிக்கிறேன்," என்பார். பிறகு டேக்சி ஓட்டினார். செயலிகள் வந்தன, உங்களுக்கெல்லாம் நல்ல காலம் என்றார்கள். டேக்சி ஸ்டாண்டில் கடைசியாக நின்ற வண்டி அப்பாவுடையது. அதற்கப்புறம் வேறு வழி இல்லாமல்தான் சேர்ந்தார். இப்போது வீட்டு வாடகையும் சாகா காரின் தவணையும் அந்தச் செயலியில்தான் ஓடுகின்றன.

கூடப் பிறந்த தம்பியோடும் இதே கதைதான். ரோனி சித்தப்பா கிள்ளானில் இருக்கிறார். சைபர்ஜெயாவில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடத்தில் இராவேலை. உள்ளே உலகத்தின் கணினிகளெல்லாம் இருக்கின்றனவாம், சித்தப்பா அவற்றைக் குளிரவைக்கிற ஏர்கோனுக்குப் பில்டர் மாற்றுகிறார். அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்தபோது அதைச் சித்தப்பாவிடம் மட்டும்தான் போனில் சொன்னார். மறுநாள் அப்பாவின் கைப்பேசியில் குடலிறக்க பெல்ட் விளம்பரம் வந்தது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

போன வருடக் கடைசியில் அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வருகிறவரை அப்பா எதையும் சந்தேகப்படவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கோயிலில் மண்டியிட்டு, வேளாங்கண்ணி மாதாவுக்கு முடி தருவதாக நேர்ந்துகொண்டார். கெடுதல் இல்லாத கட்டி என்று வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அப்பா திருச்சிக்கு மலிவு விமானம் பிடித்துப் போய், தலைமுடியையும் மீசையையும் கொடுத்துவிட்டு வந்தார்.

மீசை இல்லாத அப்பாவை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அவித்த முட்டையை உரித்த மாதிரி இருந்தது மேலுதடு.

மறுநாள் காலையில்தான் விவகாரம் ஆரம்பித்தது. வண்டி எடுக்குமுன் செயலிக்கு முகம் காட்ட வேண்டும். அப்பா பிளாஸ்திரியை உரித்துவிட்டு முகத்தைக் காட்டினார். முகம் பொருந்தவில்லை என்றது. கழுவித் துடைத்துவிட்டுக் காட்டினார். பொருந்தவில்லை. உதவிக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால், "ஹாய் கிரிகரி! உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று ஒரு ரோபோ கேட்டது.

அப்பா கைப்பேசியை வாய்க்கருகே கொண்டுபோனார். "இப்ப நீ என்ன சொல்லிக் கூப்பிட்ட? கிரிகரின்னுதானே? அப்ப நான் யாருன்னு ஒனக்குத் தெரியுதுல்ல?"

"மன்னிக்கவும், கிரிகரி. உங்களை உறுதிப்படுத்த முடியவில்லை."

"பாத்தியா சாந்தா, வேணும்னே பண்றானுங்க!" என்றார் அம்மாவிடம்.

கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்து ஏரோது ராஜாவின் டோப்பாவும் ஒட்டு மீசையும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். கொண்டுவந்து மாட்டிவிட்டேன். அசலாக அப்பா மாதிரியே இல்லாவிட்டாலும், அப்பாவின் பணக்கார அண்ணன் மாதிரி இருந்தது. செயலி, தலையை இடதுபக்கம் திருப்பச் சொன்னது. அப்பா திரும்பினார். ஏரோது திரும்பவில்லை.

நான் தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா திரையைப் படித்தார். ஆள்மாறாட்ட முயற்சி கண்டுபிடிக்கப்பட்டது, இன்னொரு முறை நடந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். அம்மா அடுப்பை அணைத்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன். சிரிப்பு போய்விட்டது.

அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மா கிள்ளானுக்குப் போன் போட்டார்.

ரோனி சித்தப்பா வேலை முடிந்த கையோடு, கண்ணெல்லாம் சிவந்து வந்தார். அப்பா கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்.

"யாரு அனுப்புனா ஒன்ன?"

"அண்ணிதான். கதவத் தெறண்ணே, தூக்கம் கண்ணச் சொக்குது."

"ஒன் போன எங்க வச்ச?"

"கார்ல வச்சிட்டுத்தான் வந்தேன் லா! நான் பில்டர் மாத்துறவன், எனக்கு ஒன் கொடலப் பத்தி எவன் கேட்டான்?"

உள்ளே வந்தவர் அப்பாவின் கைப்பேசியை எடுத்து, என்ன ஆச்சு பார்ப்போம் என்று தூக்கிப் பிடித்தார். கொட்டாவி விட்டார். கண் சிமிட்டினார்.

திரையில் கலர் கலராகக் காகிதம் பறந்தது. "மீண்டும் வருக, கிரிகரி!"

சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நெற்றி, ஒரே மீசை, ஒரே அகல மூக்கு. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு மிஷின் அதை இப்படிக் கொண்டாடும் என்று யாரும் நினைக்கவில்லை. அம்மா கை தட்டிவிட்டார். அப்பா மட்டும் கைப்பேசியை வாங்கி, தம்பி முகத்துக்குக் கீழே தன் பெயரை வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ நீ நானா ஆயிருக்க? உண்மையச் சொல்லு."

"ஐயோ, அண்ணி!" என்றார் சித்தப்பா.

வேறு வழி இல்லை. செயலி காலையில் ஒரு தடவை முகம் கேட்கும், நடுவில் நினைத்தபோதெல்லாம் கேட்கும். அதனால் அப்பா ஓட்டினார், சித்தப்பா பக்கத்து இருக்கையில் தூங்கினார். கேட்கும்போது அப்பா ஓரங்கட்டி, "டேய், முகம்," என்பார். சித்தப்பா கண்ணைத் திறந்து சிமிட்டிவிட்டு மறுபடி குறட்டைக்குப் போய்விடுவார். இரண்டு பேரும் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது சின்ன வயதுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. பேசிக்கொள்ளவில்லைதான். ஆனால் மூன்றாவது நாள் அப்பா அவருக்குக் கழுத்துத் தலையணை ஒன்று வாங்கிக் கொடுத்தார். "தல ஆடுது, பாசெஞ்சர் பயப்படுறாங்க," என்றார், காரணம் கேட்காத எங்களிடம்.

பயணி ஒருவர் புகார் கொடுத்துவிட்டார்: 'ஒரு மொட்டை ஓட்டுகிறார். படத்தில் இருக்கிற டிரைவர் பக்கத்தில் தூங்குகிறார்.'

நேரில் வரச்சொல்லிச் செய்தி வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் கண்ணாடிக் கட்டடம். அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன், இதை யாராவது விடுவார்களா? உட்கார நாற்காலி இல்லை, பெரிய பெரிய பஞ்சு மூட்டைகள்தான். அப்பா நின்றார். "உக்காந்தா எந்திரிக்க முடியாது. அதுக்குத்தான் வச்சிருக்கானுங்க."

எங்களைக் கூப்பிட்ட அதிகாரிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தலையில் முக்காடு, சட்டையில் 'சஹர்' என்ற பெயர் அட்டை. தமிழ்ப் பிள்ளை. நேராகச் சித்தப்பாவைப் பார்த்து, "வாங்க மிஸ்டர் கிரிகரி," என்றாள். அப்பாவைப் பார்த்து, "அங்கிள் யாரு?"

அப்பா அவளுடைய பெயர் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு செக்கிங். அம்மா பேர் சொல்லுங்க," என்றாள் சித்தப்பாவிடம்.

"மதலேன்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

சஹர் நிமிர்ந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள். "கணக்கு இவரோடது. ஓட்டுனது நீங்க. கணக்க வாடகைக்கு விட்டா மூடச்சொல்லி ரூல் இருக்கு அங்கிள். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சித்தப்பா மேசைக்குக் கீழே அப்பாவின் காலை மிதித்தார், பேசாதே என்று. அப்பா காலை இழுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். எந்தக் கவுண்டரிலும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டுதான் அட்டையைக் காட்டுவார். இங்கே கையை எடுத்துவிட்டார்.

"ஓட்டுனதும் நான்தான், கணக்கும் என்னோடதுதான். மொகம் மட்டும்தான் இவனோடது. என் மொகத்த ஒங்க ஆப் ஒத்துக்கல. நான் மொட்ட அடிச்சிருக்கேன்."

சஹர் அட்டைப் படத்தையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்தாள். "இத மொதல்லயே சொல்லக்கூடாதா அங்கிள்? மாசா மாசம் இங்க மொட்டையோட டிரைவருங்க வர்றாங்க. உம்ரா யாத்திரை போனா முடி எறக்குவாங்கல்ல? எங்க அத்தாவும் இதே ஆப்லதான் ஓட்டுறாங்க, அவங்களுக்கும் இப்பிடித்தான் ஆச்சு." அத்தா என்றது அவள் அப்பாவை.

திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். முகம் மாறியதற்குக் காரணம் கேட்கிற பக்கம். உம்ரா அல்லது ஹஜ், சிகிச்சை, விபத்து, கடைசியில் 'மற்றவை'. முதல் காரணத்தை அமுக்கினால் புதுப் படம் இன்றைக்கே ஏறிவிடும். 'மற்றவை' என்றால் வெளிநாட்டில் இருக்கிற ஒரு குழுவுக்குப் போய் வர வாரக்கணக்காகும். அதுவரை வண்டி ஓடாது.

சஹர் குரலைத் தணித்தாள். "உம்ரான்னே போட்டுடறேன் அங்கிள். யாரும் கேக்க மாட்டாங்க."

"போடும்மா, போடு!" என்றார் சித்தப்பா.

"இரு," என்றார் அப்பா. "போட்டா என்னப் பத்தி என்னன்னு ஏறும்?"

"அது சும்மா சிஸ்டத்துக்குள்ள..."

"சிஸ்டத்துல ஏறுனது எறங்குமா பாப்பா?"

சஹர் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள். உம்ரா என்று ஏறினால் முஸ்லிம் என்று ஏறின மாதிரிதான். இந்த நாட்டில் ஒருவரின் மதம் வீட்டில் ஒன்றும் பதிவில் ஒன்றுமாக ஆகிவிட்டால் எத்தனை ஆபீஸ், கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். அப்பாவின் பயமும் அதுதான் என்றே நானும் நினைத்தேன்.

"அது மட்டும் இல்ல," என்றார் அப்பா. "ஒங்க அத்தா அவ்வளவு தூரம் போயி, நெசமா செஞ்சிட்டு வந்திருக்காரு. போகாதவன் அதுல பேரு போடக்கூடாது. நான் மாதாகிட்ட நேந்துக்கிட்டது ஒரு ஆளுக்காக. அத வேற பேருல எழுதிட்டா..." விரலை மேலே காட்டினார். "அங்க செல்லாமப் போச்சுன்னா? இன்னும் ஸ்கேன் இருக்கு."

மேலே விளக்கும் தீயணைப்புக் குழாயும்தான் இருந்தன. நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"வாரக்கணக்குல ஒக்காரணும்ணே," என்றார் சித்தப்பா மெதுவாக.

"தெரியும்."

சஹர் 'மற்றவை'யை அமுக்கினாள். கீழே ஒரு வெள்ளைக் கட்டம் திறந்தது. "காரணம் டைப் பண்ணணும். என்னன்னு போடட்டும் அங்கிள்?"

"சாந்தமேரின்னு போடுங்க."

யார் என்று அவள் கேட்கவில்லை. எழுத்துக்கூட்டி மட்டும் கேட்டுக்கொண்டாள். அந்த ஆபீஸில் ஏர்கோன் ரொம்பக் குளிர், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகாரை, 'பக்கத்தில் இருந்தது தம்பி, அவர் தூங்கினார்' என்று எழுதி முடித்துவைத்தாள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பிறகு அப்பாவை நிற்க வைத்து, முன்னால், இடது, வலது என்று படம் எடுத்தாள். அப்பா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் காய்கறி வேன் இருந்தது. பதில் வருகிறவரை அப்பா செலாயாங் சந்தைக்கும் கிள்ளான் கடைகளுக்கும் அதை ஓட்டினார். இருட்டோடு போய் முட்டைக்கோஸ் வாடையோடு வருவார். அம்மா ஒருநாள், "எந்தக் காரணத்த அமுக்கினா என்னங்க, ஆண்டவருக்குத் தெரியாதா?" என்று கேட்டார். "ஆண்டவருக்குத் தெரியும். அவருகிட்ட வேலை செய்றவங்களுக்குத் தெரியணுமே," என்றார் அப்பா.

அங்கீகாரம் வந்தது. அப்பா சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, செயலிக்கு முகத்தைக் காட்டினார். முகம் பொருந்தவில்லை என்றது.

நாங்கள் எல்லாரும் அப்பாவின் தலையைப் பார்த்தோம். இத்தனை நாளில் முள்ளு முள்ளாக முடி முளைத்திருந்தது. மீசையும் கறுக்கத் தொடங்கியிருந்தது.

நேராக முடி வெட்டுகிற கன்னையா கடைக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கன்னையா துணியைக் கட்டிக்கொண்டே, "மறுபடியும் வேண்டுதலாண்ணே?" என்றார்.

"ஆமா. கம்பெனிக்கு."

மழித்து முடித்ததும் அந்த நாற்காலியிலேயே முகம் காட்டினார். கலர்க் காகிதம் பறந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாவுக்கு மொட்டை. அப்பா துறவியாகிவிட்டார் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறார். அவரை வாசலில் நிறுத்தி யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

போன வாரம் அம்மா பொறுக்க முடியாமல், "போதும்ங்க, முடிய வளர விடுங்க. வளந்ததும் புதுப் படம் குடுத்துக்கலாம்," என்றார்.

"குடுத்தா மறுபடியும் அந்தக் குழுவுக்குத்தான் போகும். காரணம் என்னன்னு போடுவ?"

"முடி வளந்துருச்சுன்னு போடுங்க. உண்மைதானே?"

அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். "நம்ப மாட்டானுங்க," என்றார்.