பிடித்தம் இல்லாத சம்பளம்

ஐந்து ஆள் வைத்திருக்கிறவன் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. கட்ட வேண்டாம் என்று எனக்குச் சொன்ன ஒப்பந்தப் பிரிவு அதிகாரி பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னார்.

இது நடந்தது ஒரகடத்தில், வாகன உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில். கம்பெனி பெயரை எழுதவில்லை. படித்தால் அவர்களுக்குத் தெரியும்.

நான் அந்தத் தொழிற்சாலையிலேயே ஒரு ஏஜென்சியின் கீழ் பல வருஷம் கன்வேயர் பராமரிப்பு வேலை பார்த்தவன். மாதாமாதம் சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், பஸ் என்று பிடிப்பார்கள். பி.எஃப். பணத்தை எடுக்கப் போனால் பெயர் சரியில்லை, பிறந்த தேதி சரியில்லை என்று அலைய விடுவார்கள். அதனால் பிடித்தம் என்றாலே திருட்டு என்பது எங்கள் முடிவு. இந்தப் பக்கம் எல்லோருக்கும் அப்படித்தான். காலையில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய் நின்று ஆள் கூப்பிட்டுப் பாருங்கள். என்ன வேலை என்று யாரும் முதலில் கேட்க மாட்டான். "கையில எவ்ளோ?" என்றுதான் கேட்பான்.

கம்பெனி ஏஜென்சியை மாற்றியபோது, அந்தப் பராமரிப்பு வேலையை நானே சிறு கான்ட்ராக்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி சொன்னார். எடுத்தேன். வல்லக்கோட்டை முருகனுக்கு அர்ச்சனை செய்தேன். விசிட்டிங் கார்டு அடித்தேன். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டேன். அதில் ஒருவர் என்னைவிட மூத்தவர், பக்கத்து ஊர்க்காரர். செயின் மாட்டவும் ரோலர் கழற்றவும் எனக்குப் பழக்கியவர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கான்ட்ராக்ட் கிடைத்த அன்று அவர் கேட்டார்: "இன்னாடா முதலாளி, எங்க ஜோபில எவ்ளோ கை வெக்கப் போற?"

முதல் பில் பணம் வந்தது. குறைந்திருந்தது. பெரிய தொகை இல்லை, நூற்றுக்கு ஒரு ரூபாய் கணக்கு. ஆனால் கேட்காமல் எடுத்ததுதான் எனக்குச் சூடு. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே இருந்த பெண் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "யாரும் திருடல சார். உங்க பான் நம்பர்ல வரியா கட்டியிருக்கோம். வருஷக் கடைசில ரிட்டர்ன் போடுங்க, உங்களுக்கு வரி வராதுன்னா திரும்ப வந்துடும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். திரும்ப வந்தது. ஆனால் அன்றைக்கு நான் அதை நம்பவில்லை. வெளியே வந்து என் ஆட்களிடம் சபதம் மாதிரி சொன்னேன்: உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்க மாட்டேன்.

அதோடு, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அதிகாரியிடம் போனேன். இ.எஸ்.ஐ. எப்படிக் கட்டுவது என்று கேட்டேன். பிடிக்க மனமில்லாவிட்டாலும் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சு பேர வெச்சுகினு அதெல்லாம் எதுக்குய்யா? பத்துப் பேர் ஆவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்குச் சந்தோஷம். முழுச் சம்பளம் கொடுத்தேன். மற்ற கான்ட்ராக்டர்களிடம் இருந்தவர்கள் என்னிடம் வரக் கேட்டார்கள். கேன்டீனில் எனக்கு இடம் விட்டார்கள். நல்ல மனுஷன் என்று பெயர்.

ஒரு நாள் காலை ஷிப்ட் மாறுகிற நேரம். கன்வேயரை நிறுத்திவிட்டு அண்ணன் செயின் மாற்றிக்கொண்டிருந்தார். லைனில் புதிதாக வந்த யாரோ, வேலை நடப்பது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார். அண்ணனின் வலது கை செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கவுண்டரில் முதல் கேள்வி, இ.எஸ்.ஐ. நம்பர் என்ன என்பது. நம்பர் இருந்தால் உடனே சேர்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் முன்பணம் கட்ட வேண்டும். துணி சுற்றிய கையோடு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கவுண்டரைப் பார்த்தேன்.

அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து நின்றவர். அவர் அழவில்லை. என்னிடம் நேராகக் கேட்டார்: "எங்க லைன்ல மாசாமாசம் புடிச்சாங்கோ. நானும் திட்டிகினே இருந்தேன். அந்த கார்டுலதான் ரெண்டு கொழந்தையும் பெத்தேன். இவருக்கு நீ இன்னா வெச்சிருக்க?"

என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்கு மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய் பிடித்து, அதற்கு மேல் என் பங்கைப் போட்டுக் கட்டியிருந்தால் இருந்திருக்கும். செலவைப் பற்றி எழுதப் போவதில்லை. என் வண்டி போனது, அண்ணியின் கழுத்துச் செயின் போனது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரல் இருக்கிறது, மடங்காது. ஸ்பேனர் பிடிக்க முடியாது. அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

யாரோ சொன்னார்கள் என்று இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அலுவலர், எனக்கு முன்பின் தெரியாதவர். நடந்ததைச் சொல்லி, எனக்கு ஐந்து பேர்தான் மேடம், சட்டம் வராது என்று சொன்னார்கள் என்றேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க அஞ்சு பேரு. நீங்க வேலை செய்யற கேட்டுக்குள்ள எத்தனை பேரு?"

நூற்றுக்கணக்கில் இருப்பார்கள் என்றேன்.

"அப்ப அந்தக் கம்பெனிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதுக்குள்ள வேலை செய்யற உங்க ஆளுக்கும் உண்டு. நீங்க கட்டலன்னா அவங்க கட்டிட்டு உங்க பில்லுல பிடிக்கணும். இது தெரியாத ஒப்பந்தப் பிரிவே கெடையாது."

பிறகு என்னைப் பார்த்து, "பிடிக்காததால உங்கள நல்லவர்னு சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பெரிய ஏஜென்சிகளிடம் இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைப் பார்க்காமல் அந்த அதிகாரி பில்லில் கையெழுத்துப் போட மாட்டார். நானே பார்த்திருக்கிறேன். என்னை மாதிரிச் சின்ன ஆட்களிடம் மட்டும் கேட்பதில்லை. இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் சேர்த்தால் எங்கள் ரேட் ஏறும். அவருக்குக் குறைந்த ரேட் வேண்டும். என் பில்லில் வரியைப் பிடிக்க ஒரு மாதம்கூட மறக்காத கம்பெனி, என் ஆட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று ஒரு மாதம்கூடக் கேட்கவில்லை.

இன்னும் வழி இருக்கிறது என்றார் அந்த அலுவலர். அந்தத் தொழிற்சாலைக்குள் வேலை செய்யும்போதுதான் அடிபட்டது என்று உறுதியானால், போன விரல்களுக்காக அண்ணனுக்கு மாதாமாதம் ஒரு தொகை ஆயுள் முழுக்க வரும். கட்டாமல் விட்டதை எங்களிடம் வட்டியோடு வாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து போகாமல் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் செய்ய வேண்டியதைவிட அதிகம் அது. நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

விசாரணை வந்தது. கம்பெனி சார்பில் அந்த ஒப்பந்தப் பிரிவு அதிகாரிதான் பதில் கொடுத்தார். அந்த ஆள் அன்று உள்ளே வேலைக்கே வரவில்லை, வெளியே எங்கேயோ அடிபட்டிருக்கிறார் என்றார். எங்களில் இரண்டு பேர் போய் நடந்ததைச் சொன்னார்கள். மற்ற இரண்டு பேர் கேட் பாஸ் போய்விடும் என்று வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கான்ட்ராக்ட் முடிந்தது. விசாரணை இன்னும் முடியவில்லை. அண்ணன் தண்டலம் பக்கம் ஒரு காலேஜ் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார்.

நான் இப்போது வேறு இடத்தில் சின்ன வேலை எடுத்திருக்கிறேன். பிடிக்கிறேன். என் பங்கைப் போட்டுக் கட்டுகிறேன். டீக்கடையில் ஆள் கூப்பிடும்போது பிடித்தம் உண்டு என்று சொன்னால் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். ஒரு தடவை அண்ணனிடம், கூட வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள், கேட்பார்கள் என்றேன். "என் கைய காட்டிதான் நீ ஆள் சேப்பியா? போடா" என்றார். அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகு கேட்கவில்லை. போகிறவன் போகட்டும் என்று நிற்கிறேன். அவன் கையில் முழுச் சம்பளம் கொடுத்து நல்ல பெயர் வாங்க இனி எனக்குத் தைரியம் இல்லை.

அதிகாரி சார், இந்தப் பத்திரிகை உங்கள் ரிசப்ஷன் மேஜையிலும் கிடக்கும், பார்த்திருக்கிறேன். அன்று காலை அவர் உங்கள் கன்வேயரில் வேலை செய்தாரா, இல்லையா? எனக்குத் தனியாக போன் பண்ண வேண்டாம். ஆள் விட்டுப் பேச வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை என்று உங்கள் பெயரைப் போட்டு, இதே பக்கத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள்.