எட்டரை மணிக் கடிதம்

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூட அதிபரைத் திட்டும்போது எனக்கு வசதியாக மறந்துபோகக்கூடாது.

வசதி குறைந்த பிள்ளைகளுக்கென்று எங்கள் பாடசாலைக்கு மேலதிக நிதி வந்திருந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் இருபது பேருக்குப் பின்னேரக் கணித வகுப்பு, மதியச் சாப்பாடு, முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வான் வண்டி. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து அதிபரின் முன்னால் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.

"போன வருசக் கடிதம் கொம்பியூட்டரில கிடக்கு தம்பி. திகதியை மட்டும் மாத்துங்கோ" என்றார் அதிபர். மாற்றினேன். நேரம் காலை எட்டரை என்று இருந்தது. அதை அப்படியே விட்டேன்.

கொட்டியாரக் குடாவின் எங்கள் கரையில், எட்டரைக்குக் கரைவலை பாதி தூரம் வந்திருக்கும். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். இடையில் கையை விட்டுப் போனவனுக்கு அன்றைய மீனில் பங்கில்லை. என் அப்பா அந்தக் கயிற்றில் நின்றே வயதானவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்த நான்தான் எட்டரையை விட்டுவைத்தேன்.

கூட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கடைக்காரர் வந்தார், வங்கியில் வேலை செய்பவர் வந்தார். வசதி குறைந்தோர் பட்டியல் பத்து மணிக்குள் நிரம்பிவிட்டது.

அடுத்த நாள் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேசையருகே வந்து நின்றாள். தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் வலை இழுப்பவர். கணிதத்தில் சித்தியடைவதற்கு ஐந்து புள்ளி குறைவாகவே எப்போதும் எடுப்பாள்.

"சேர், லிஸ்ட்டில என்ர பேர் இல்லை."

"அப்பா கூட்டத்துக்கு வரேல்லையே பிள்ளை."

"எட்டரைக்கு எப்பிடி சேர் வாறது? வலையெல்லோ. உங்களுக்குத் தெரியும்தானே." பிறகு சொன்னாள்: "கணக்கில பெயில் விட்டா மாமி கொழும்புக் காமென்ஸுக்குத் தைக்கக் கூட்டிக்கொண்டு போறாவாம்."

அவள் குறை சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அதிபரிடம் போனேன். "அக்கறை இருந்தா வந்திருப்பினம் தம்பி. பிள்ளையின்ர படிப்பைவிட மீன் பெரிசோ?" என்று கேட்டார். மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பொரித்த மீன் இருந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் விடிந்ததும், கூட்டத்துக்கு வராத ஆறு பேரின் படிவங்களோடு கடற்கரைக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றி மணலில் வைத்தேன்.

"பாருங்கோடா, பள்ளிக்கூடச் சம்பளம் காணாதாம். சேர் பங்குக்கு வந்திட்டார்!" என்றான் ஒருவன்.

அவளுடைய தகப்பன் படிவத்தைப் பார்த்தார். "கையை விட ஏலாது சேர். சம்மாட்டி பாத்துக்கொண்டு நிக்கிறார்." வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தன் மீன்வாடிக் குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் பிடிக்கிறன். நீங்கள் வையுங்கோ."

அவர் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்து, என் கொப்பியின் மேல் படிவத்தை வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக எழுதி முடிக்கும்வரை நான் இழுத்தேன். "குனிஞ்சு இழுங்கோ சேர்! உங்கட அப்பர் இப்பிடி இழுத்திருந்தா அண்டைக்கே துரத்தியிருப்பாங்கள்" என்று பின்னால் சிரித்தார்கள். ஆறு பேருக்கு ஆறு முறை பிடித்தேன். உள்ளங்கை உரிந்துபோனது.

அதிபர் அந்தப் படிவங்களை இரண்டு விரலால் தூக்கினார். ஒன்றில் செதில் ஒட்டியிருந்தது. "என்ர முன்னால வைக்காத கையெழுத்து செல்லாது."

வகுப்பாசிரியரான என் கையெழுத்து இல்லாமல் பட்டியல் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகாது. அது இன்னும் அவருடைய மேசையில்தான் கிடந்தது.

"அப்ப என்ர கையெழுத்தும் இல்லை சேர்."

"உங்கட நியமனத்தை நிரந்தரமாக்க ஆர் கடிதம் தரவேணும் எண்டு தெரியும்தானே?"

"ஓம் சேர். தெரியும்."

அவர் பட்டியலை இழுத்துப் பென்சிலை எடுத்து, இருபத்தொன்று என்று போட்டு அவளுடைய பெயரை மட்டும் எழுதினார். "வலயத்தில ஏதும் கேட்டா அழிச்சிடலாம். மற்ற அஞ்சும் அடுத்த வருசம் பாப்பம்."

அடுத்த வருடம்! அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை இந்த வருடம். என் பேனையை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, பென்சில் எழுத்தின் மேலேயே அவளுடைய பெயரை அழுத்தி எழுதினேன். பேனையை மூடவில்லை. அதன் கீழே இருபத்திரண்டு என்று இலக்கம் போட்டேன். இருபத்தாறில் நிறுத்திக் கையெழுத்து வைத்தேன்.

பட்டியல் அப்படியே போனது. வலயத்திலிருந்து எவரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபதா இருபத்தாறா என்று அங்கே யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணாத ஒன்றுக்காக ஆறு பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருந்தோம். நாங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வங்கிக்காரரின் மகன் முதல் கிழமையோடு நின்றுவிட்டான். அவனுக்கு மூதூரில் டியூசன் இருக்கிறதாம். வானில் அவனுடைய இடத்தில்தான் அவள் இருந்து போகிறாள். என் நியமனத்தை நிரந்தரமாக்கும் கடிதம் இன்னும் அனுப்பப்படாமல் அதிபரின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. கிடக்கட்டும்.