மைனஸ் ஐந்தில் நின்றவள்

எழுபதுகளின் கடைசியில் நான் போடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தேன். அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். நான் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். மலையிலிருந்து படிக்க வந்தவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான்.

கணக்கு டீச்சருக்கு அடிக்கும் பழக்கம் இல்லை. அதனால் நல்ல டீச்சர் என்று ஊரில் பேர்.

எது பெரியது எது சிறியது என்று பார்க்கும் அசமன்பாட்டுக் கணக்கு நடத்திய அன்று எங்களை மைதானத்துக்கு அழைத்துப்போனார். சுண்ணாம்புப் பொடியால் நீளமாக ஒரு கோடு இழுத்து, நடுவில் பூஜ்யம், வலது பக்கம் ஒன்று முதல் ஐந்து, இடது பக்கம் மைனஸ் ஒன்று முதல் மைனஸ் ஐந்து என்று எழுதினார். போன பரீட்சையில் நன்றாக எடுத்தவர்கள் வலதுபுறம், தவறியவர்கள் இடதுபுறம். ஐந்தில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் மகள் நின்றாள். மைனஸ் ஐந்தில் நான்.

"இதுல யாரு பெரிசு, யாரு சிறிசுன்னு நான் சொல்லணுமா?" என்றார் டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு எல்லோரையும் மைனஸ் ஒன்றால் பெருக்கச் சொன்னார். அதாவது ஒவ்வொருத்தியும் பூஜ்யத்தைத் தாண்டி, எதிர்ப்புறம் அதே தூரத்தில் போய் நிற்கவேண்டும். நான் ஐந்துக்குப் போனேன். வியாபாரி மகள் மைனஸ் ஐந்துக்குப் போனாள். பெரியது சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் ஆகிவிட்டதால், நடுவில் இருக்கும் பெரிது-சிறிது குறியும் திரும்பவேண்டும். கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியும் விளங்காதது அங்கே நின்றதும் விளங்கியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வியாபாரி மகள் அழ ஆரம்பித்தாள். "நான் இங்க நிக்க மாட்டேன் டீச்சர்."

"சரிம்மா, நீ வந்துரு. எல்லாரும் கிளாசுக்குப் போங்க" என்றார் டீச்சர். நானும் நகர்ந்தேன். "நீ எங்க போற? மூஞ்சியில சிரிப்பப் பாரு. எடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சுல்ல? அங்கேயே நில்லு."

மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றேன். வகுப்பு ஜன்னல் திறந்திருந்ததால் பாடம் காதில் விழுந்தது. மைனஸ் இரண்டு எக்ஸ், ஆறைவிடச் சிறியது என்றால் எக்ஸ் என்ன? எதிரே கோடு கிடந்தது. ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்த்தேன். ஒன்றை வைத்தால் மைனஸ் இரண்டு வரும், சரி. மைனஸ் நான்கை வைத்தால் எட்டு, ஆகாது. மைனஸ் மூன்றை வைத்தால் ஆறேதான் வரும்; ஆறு ஆறைவிடச் சிறியதல்ல, அதையும் விட்டுவிட வேண்டும். ஆகவே மைனஸ் மூன்றில் உள்ளே நிரப்பாத வட்டம், அதற்கு வலதுபுறம் எல்லாம் விடை. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கணக்கு வந்துவிட்டது.

அடுத்த பரீட்சையில் அசமன்பாடு அத்தனையும் சரியாகப் போட்டேன். விடைத்தாளில் அந்தப் பகுதியை டீச்சர் குறுக்கே அடித்து முட்டை போட்டிருந்தார். பரீட்சையில் எனக்கு முன் பெஞ்சில் இருந்தவள் வியாபாரி மகள். தாள் திருப்பித் தந்ததும் அவளுடையதையும் எட்டிப் பார்த்திருந்தேன்.

"அவளப் பாத்து எழுதியிருக்க" என்றார்.

"இல்ல டீச்சர். அவ குறியத் திருப்பவே இல்ல. மைனஸ் மூணுக்கு எடது பக்கம் கோடு போட்டிருக்கா. நான் வலது பக்கம் போட்டிருக்கேன்."

"ரெண்டு பேர் தாளையும் கொண்டா" என்றார். இரண்டையும் மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தார். வியாபாரி மகளுக்குத் தப்பான கணக்குக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தது. அதை அவர் திருத்தவில்லை.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. வாயிதான் சரியில்ல" என்று சொல்லி என் தாளை முட்டையோடே திருப்பிக் கொடுத்தார். "ஒங்கப்பனக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாசுக்குள்ள விடுவேன்."

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புக்காரரிடம் சொல்லியனுப்ப, வேலையைப் போட்டுவிட்டு அப்பா இறங்கி வந்தார். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். பிள்ளை டீச்சரையே தப்புச் சொல்கிறாள், கூடப் படிக்கிறவள்மேல் பழி போடுகிறாள் என்றார் டீச்சர்.

"தெரியாமப் பேசிப்புட்டா டீச்சரம்மா" என்று சொன்ன அப்பா, திரும்பி என் கன்னத்தில் அறைந்தார். முதல் அறைக்கு டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதற்கும் சொல்லவில்லை. மூன்றாவது அறையில் என் மூக்கிலிருந்து ரத்தம் வந்து தாவணியில் சொட்டிய பிறகுதான், "போதும், பொம்பளப்பிள்ளைய அடிக்காதீங்க" என்றார். அந்தக் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

என் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா. தோட்டத்து ஆட்களோடு நெருக்கியடித்து ஜீப்பில் உட்கார்ந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"கணக்கு சரின்னு அந்தம்மா சொன்னுச்சா?"

"சொன்னாங்கப்பா."

"அப்புறம் எதுக்கு வாயத் தொறந்த?"

தாவணியில் ரத்தம் பட்ட இடத்தை மடித்து உள்ளே செருகிக்கொண்டேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அம்மா என் கன்னத்தைப் பார்த்தாள், தாவணியைப் பார்த்தாள், கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலையில், "வெரசா எந்திரி, கங்காணிகிட்டச் சொல்லியாச்சு" என்று ஒரு கூடையை என்னிடம் தந்தாள். மழையில் செடியடியில் குனிந்து காய் எடுத்தேன். அட்டை கடித்த புண் ஆறுவதற்குள் வேறு அட்டை கடித்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, தனியாகப் பத்தாவது எழுதித் தேறினேன். அப்பாவிடம் சொல்லப் போனேன். இருமிக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

"இப்பப் பாசாகி என்னத்துக்கு?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.