யார் பொய் சொல்கிறார்கள் என்று மாதாவிடம் கேட்டேன்

அன்பான பங்கு மக்களே, சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறவள் நான். முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். "ஜெபித்தேன், மறுநாளே சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், மறுநாளா மறுவாரமா என்று மனசுக்குள் கேட்பேன். நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டே படியுங்கள். எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் ரெஜினா. சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். ஆறடி இரண்டங்குலம். குப்பத்தில் எங்கள் வீட்டுக்குக் 'கொடிமர வூடு' என்று பெயர். நைனா, பெரியப்பா, தம்பி சவரி எல்லோருமே வாசற்படியில் தலையை இடித்துக்கொள்கிற உயரம். அந்த உயரம்தான் என்னைப் பள்ளி மைதானத்திலிருந்து மாநிலக் கூடைப்பந்து அணிக்கும், அங்கிருந்து ஒரு வங்கியின் அணிக்கும், கடைசியில் இந்திய ஜெர்சிக்கும் கொண்டுபோனது. ஒவ்வொரு முறை கோப்பையோடு வரும்போதும் குப்பத்து முனையில் பேனர் கட்டுவார்கள். 'கடலுக்குத் தகப்பனைக் கொடுத்த எங்கள் தங்கமே' என்று எழுதியிருக்கும். நான் மூன்றாவது படிக்கும்போது நைனா போனார். அலை உடைகிற அலைவாயில் படகு கவிழ்ந்தது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்; பெரியப்பாவும் கடலில் போனதாகத்தான் சொன்னார்கள். பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

சந்தேகம் எனக்கு விளையாட்டு கொடுத்த குணம். தடுப்பாட்டத்தில் முதல் பாடமே, பந்து வைத்திருக்கிறவளின் கண்ணை நம்பாதே, இடுப்பைப் பார் என்பதுதான். கண் வலப்பக்கம் பார்க்கும், உடம்பு இடப்பக்கம் பாயும். பதினைந்து வருடம் இப்படியே ஆடியதில், மைதானத்துக்கு வெளியேயும் எல்லோருடைய இடுப்பையும் பார்க்கப் பழகிவிட்டேன். கறிவேப்பிலை கொசுறாகக் கொடுத்தால்கூட தக்காளி அழுகலோ என்று புரட்டிப் பார்ப்பேன்.

போன தவக்காலத்துக்குச் சற்று முன்னால் ஒரு வெளிநாட்டு கிளப் என்னை ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டது. எங்கள் குப்பத்தில் பந்தை வைத்துப் பிழைத்தவர்கள் இல்லை. அதிலும் வெளிநாட்டில், அதிலும் ஒரு பொம்பளை. பேனருக்குப் போட்டோகூடக் கேட்டுவிட்டார்கள். உடல் தகுதிச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. எங்கள் அணி மேனேஜர் அடையாறில் ஒரு இதய டாக்டரிடம் அழைத்துப் போனார்.

அந்த டாக்டர் ஸ்கேனை இரண்டு முறை பார்த்தார். பிறகு கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடச் சொன்னார். விரல் நுனி அந்தப் பக்கம் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். சுண்டுவிரலும் கட்டைவிரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. ஸ்கேன் வைத்திருக்கிறவர் எதற்குக் கைரேகை பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க உயரமும் விரல் நீளமும் ஒரு நோயோட அறிகுறியா இருக்கலாம்மா. இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. அது கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து. இது பரம்பரையா வர்றது. வீட்ல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"எங்க நைனா கடல்ல போனாரு சார். நெஞ்சு நோவெல்லாம் எங்க வூட்ல இல்ல."

அவர் அதை எழுதிக்கொண்டார். "அப்ப இந்த அளவுக்கு உடனே ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போட்டுக்கிட்டுக் கவனிச்சுப் பார்க்கலாம். ஆனா விளையாட்ட இன்னியோட நிறுத்துங்க" என்றார்.

விளையாட்டை நிறுத்து என்பதை ஏதோ இனிப்பைக் குறை என்பதுபோலச் சொன்னார். வெளியே வந்து ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றாமல் நடந்தேன். பட்டினப்பாக்கம் வரும்வரை ஒரே யோசனைதான். இதனால் யாருக்கு லாபம்?

மேனேஜர் நெல்லைக்காரர். டாக்டரும் நெல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் போகாவிட்டால் அந்த இடத்துக்கு அணியில் இன்னொரு பெண் தயாராக இருந்தாள். கணக்குச் சரியாக வந்தது. தி.நகரில் வேறொரு ஸ்கேன் மையத்துக்குப் போனேன். அங்கே குழாயின் அளவு கொஞ்சம் வேறாக வந்தது. பார்த்தாயா, ஒரே நெஞ்சுக்கு இரண்டு அளவா என்று எனக்குள் வெற்றிச் சிரிப்பு. அளக்கிற கோணத்தைப் பொறுத்து அப்படி வரும் என்று அங்கே இருந்தவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அணியில் யாரோடும் பேசுவதை நிறுத்தினேன். தோழிகள் தண்ணீர் கொடுத்தால் குடிக்கமாட்டேன். அம்மாவிடம் விசா விஷயமாகச் சில டெஸ்ட் என்று மட்டும் சொன்னேன். பெட்டி கட்டியாயிற்று. வேறு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்புவதாக முடிவு.

ஆனால் உள்ளே பயம். படுத்தால் நெஞ்சுத் துடிப்பு காதில் கேட்டது. நிஜமாகவே அது வீங்கியிருக்கிறதா, அவர் சொன்னதால் கேட்கிறதா என்று தெரியவில்லை. யாரை நம்புவது என்றும் தெரியவில்லை. கோயிலுக்குப் போய் மயிலை மாதா முன்னால் உட்கார்ந்தேன். சுகம் கொடு என்று நான் கேட்கவில்லை. எனக்கு நோயே இல்லையே. "மாதாவே, இதுல யார் பொய் சொல்றாங்கன்னு எனக்குக் காட்டு" என்று மட்டும் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வது உங்களுக்குத் தெரியும். மன்றாட்டு நேரம் வந்தபோது எல்லோர் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"என்னை வெளிநாட்டுக்குப் போகவிடாம பண்ண சிலர் சதி பண்றாங்க. பரம்பரையா வர்ற நோயாம், திடீர்னு நெஞ்சு கிழிஞ்சு சாவேனாம். என் நைனா எப்படிப் போனாருன்னு இந்தக் குப்பத்துக்கே தெரியும். பொய் சொன்னவங்க வாயாலயே உண்மை வரணும்னு மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

நான் கண்ணை மூடவில்லை. ஜெபத்தில்கூட யார் உதடு எப்படி அசைகிறது என்று பார்க்கிற சனியன் பிடித்த பழக்கம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். படகு வைத்திருக்கிற அண்ணன் சற்றுத் தாமதமாகச் சொன்னார். அம்மா சொல்லவில்லை. எங்கள் அன்பியத்திலேயே சத்தமாகப் பதில் சொல்கிறவள் அம்மாதான். அவள் உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்து டீ கிளாஸ்களை எடுத்து வைக்கும்போது, "நீ ஏம்மா பதில் சொல்லல?" என்று கேட்டேன்.

அம்மா கதவைச் சாத்தினாள். சவரியையும் உட்காரச் சொன்னாள்.

"கோவப்படாம கேளு. உங்க நைனா கடல்ல போவல. கரையில போனாரு. வல இஸ்துக்கினு இருந்தவரு, முதுவு ரெண்டா கிழியிற மாரி கீதுன்னாரு. மணல்ல குந்துனாரு. அப்டியே சாஞ்சிட்டாரு. உங்க பெரியப்பாவும் அப்டிதான்."

"பின்ன ஏம்மா கடல்னு சொன்ன?"

"ரெண்டு பேரும் மாருல கைய வச்சிக்கினு போயிட்டா வெளிக் குப்பத்துக்காரன் இன்னா சொல்லுவான்? அது ஆயுசு இல்லாத வூடு, அங்க பொண்ணு குடுக்காத, எடுக்காதன்னுவான். கடல்ல போனா வீரன். பெரியவங்க குந்திப் பேசி, இனிமே இப்டிதான் சொல்லணும்னுட்டாங்க. உங்களுக்கு நல்ல எடம் அமையணும்னு நானும் வாய மூடிக்கினேன். இது ரத்தத்துல வர்ற நோவுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டவள், என் வீட்டுக் கூரைக்குக் கீழே இருந்ததை மட்டும் சந்தேகப்படவில்லை. பேனர் கட்டிய பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்மேல் இருந்த பாசத்தில் சொன்ன பொய். அந்தப் பொய்யைத்தான் நான் டாக்டரிடம் கொண்டுபோய் ஆதாரமாகக் கொடுத்திருக்கிறேன். கோபம் வந்தது, அழுகை வந்தது. அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்போதும் நான் முழுசாக நம்பிவிடவில்லை என்றால் சிரிப்பீர்கள். சவரியை ராயப்பேட்டையில் ஒரு ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப் போனேன். என்னைப் பற்றியோ நைனாவைப் பற்றியோ அங்கே மூச்சு விடவில்லை. சும்மா செக்கப் என்றேன். படம் பார்த்தவர் சவரியின் கையைப் பார்த்தார், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கூடப்பொறந்தவங்களா? நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்கம்மா" என்றார். சவரிக்கும் அதே குழாய், அதே வீக்கம். என்னைவிடக் கொஞ்சம் சின்னது.

சவரி மீன்பிடிக்கிறவன். அவனுக்கு ஒப்பந்தம் இல்லை, மேனேஜர் இல்லை, போட்டியாளரும் இல்லை. அவன் ரத்தக்குழாய் யாருக்காகப் பொய் சொல்லும்? அந்த மையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, "போதும் மாதாவே, காட்டிட்ட" என்றேன்.

அடையாறு டாக்டரிடம் போய் நைனா போன விதத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பா இப்படிப் போயிருக்காருன்னா கதையே வேறம்மா. இந்த அளவுலயே நாம காத்திருக்கக் கூடாது."

தவக்காலம் கழிந்து, ஈஸ்டர் பாஸ்காவும் முடிந்த வாரம் ஆபரேஷன். மேனேஜர் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். கபாலி கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இத தலகாணிக்கு அடியில வச்சா உங்க மாதா கோவிச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். இந்த மனிதருக்கு இங்கே என்ன வேலை என்றுதான் அப்போதும் என் புத்தி போயிற்று. பிறகு வெட்கமாக இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். ஆபரேஷன் முடியும்வரை அவர் அம்மா பக்கத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததாகச் சவரி சொன்னான்.

கண் விழித்த பிறகு டாக்டர் வந்தார். குழாயின் சுவர் வெங்காயத் தோல் மாதிரி இருந்தது, இன்னும் ஒரு சீசன் ஆடியிருந்தால் தாங்கியிருக்காது என்றார். டாக்டர்கள் இப்படிக் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வாழ்க்கையில் அதுவே ஒரு புதுமை.

இன்று வங்கியில் வேலை பார்க்கிறேன். ஆட்டம் இல்லை. அந்த வெளிநாட்டு ஒப்பந்தம் இன்னொரு பெண்ணுக்குப் போனது, நன்றாக ஆடுகிறாள். மைதானத்துப் பக்கம் போனால் பந்துச் சத்தம் கேட்டதுமே வந்த வழியே திரும்பிவிடுகிறேன். எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தச் சாட்சி பொய்ச் சாட்சி ஆகிவிடும். இருக்கிறது. ஆனால் வருத்தப்பட உயிரோடு இருக்கிறேன். சவரியும் மாத்திரையோடு இருக்கிறான். கனத்த வலை இழுப்பதில்லை, கரையில் ஏலம் பார்க்கிறான். பெரியப்பா பிள்ளைகளும் டாக்டரிடம் காட்டிவிட்டார்கள். மாதா திருவிழாவில் குப்பத்துப் பெரியவர்கள் முன்னால் எழுந்து, என் நைனா மணலில்தான் இறந்தார் என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. இரண்டு தாய்மார்கள் மட்டும் பிறகு தனியாக வந்து, டாக்டரின் முகவரி கேட்டார்கள்.

கல்லறைத் திருநாளன்று கடலில் போனவர்களுக்காக நம் குப்பத்தில் மாலையை அலையில் விடுவோம். நைனாவுக்கும் இத்தனை வருடம் அப்படித்தான் விட்டோம். போன முறை அம்மா மாலையோடு தண்ணீர்வரை போகவில்லை. படகுகளுக்கு நடுவே ஓரிடத்தில் நின்றாள். இப்போது அங்கே ஒரு ஐஸ் பெட்டி கிடக்கிறது. தினமும் மீன் எடுக்கப் போகிற வழிதான், ஆனால் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இங்கதான் குந்துனாரு" என்றாள். நாங்கள் மூன்று பேரும் மணலில் முழந்தாளிட்டோம். மாலையை அம்மா அங்கேயே வைத்தாள்.

என்னைப்போல் ஒருவரையும் நம்பாதவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், சந்தேகத்தோடேயே மாதாவிடம் போங்கள். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். உங்கள் வீட்டில் யாராவது திடீரென்று போயிருந்தால், நிஜமாகவே எப்படிப் போனார் என்று பெரியவர்களைக் கேளுங்கள். நான் கேட்டேன். அதனால்தான் என் அம்மா என்னைப் புதைக்கவில்லை.