அத்தையின் பொய்ப்பாட்டு

பாட்டெழுதிப் பிழைக்கிறவளிடம் மேடையில் தவறாமல் கேட்கிற கேள்வி, உங்கள் குரு யார் என்பது. நான் இரண்டு பேரைச் சொல்வேன். தலையில் குட்டி யாப்புச் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியை ஒருவர். என் முதல் பல்லவியைக் கிழித்துப்போட்டுவிட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து மறுபடி எழுத வைத்த இசையமைப்பாளர் ஒருவர். கைதட்டுவார்கள். அவர்கள் இருவருக்கும் முந்திய குருவை நான் சொன்னதேயில்லை. சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டி வரும். இந்த வயதிலும் அதற்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. தாம்பரத்தில் எங்களோடுதான் இருந்தாள். எழும்பூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டிருந்தார்கள். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் ஒரு புதுப்பாட்டு உண்டு. குயர் மாஸ்டர் ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டுக் கொடுப்பார். காலை மின்சார ரயிலில் உட்கார்ந்து அத்தை அதற்கு வார்த்தை எழுதுவாள்.

அதற்கு அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மெட்டு மறந்துபோகாமல் இருக்க, முதலில் வாயில் வந்ததை எல்லாம் போட்டு நிரப்பிவிடுவாள். பெரும்பாலும் ஸ்டேஷன் பெயர்கள். இழுக்கிற இடத்துக்கு மீனம்பாக்கம், வெட்டுகிற இடத்துக்குக் கிண்டி. ஆண்டவர் அதற்கப்புறம்தான் வருவார். முதலில் எழுதுவதற்குப் பொய்ப்பாட்டு என்று பெயர் வைத்திருந்தாள். அதை என் முழங்காலில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பாள். எனக்குக் குறில் நெடில் பிடிபட்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, ரயில்வேயின் தயவில்.

"பொய்ப்பாட்டை வெளியில பாடக் கூடாது, தெரியுதா? அது சாரம் மாதிரி. கட்டடம் முடிஞ்சதும் பிரிச்சுடணும்" என்பாள்.

எனக்குப் பத்து வயதான வருஷம், புதுப்பாட்டின் முதல் சரணத்தைத் தனியாகப் பாடும் பொறுப்பு எனக்கு வந்தது. தலைகால் புரியவில்லை. அத்தை காகிதத்தை வீணாக்க மாட்டாள். பென்சிலில் பொய்ப்பாட்டு எழுதிய தாளின் மறுபக்கத்திலேயே நல்ல பாட்டை மையில் எழுதி என்னிடம் கொடுத்தாள். நான் திருப்பிப் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பாடுவேன் என்று நினைத்திருக்க மாட்டாள். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்திருந்தாள், பாவம்.

சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். குயர் மாஸ்டர் இன்னும் வரவில்லை. ஆர்மோனியப் பெட்டியின் சாவியை வாங்க அத்தை போதகர் வீட்டுக்குப் போயிருந்தாள். சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு அக்கா, "பாப்பா, உன் பாட்டைப் பாடிக் காட்டேன்" என்றாள். பாடினேன். நல்லாயிருக்கு என்றார்கள், அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. தாளைத் திருப்பினேன்.

தாம்பரம் சானடோரியம் குரோம்பேட்டை தாண்டி
பல்லாவரம் வந்ததுமே படபடக்குது நெஞ்சு
நீலக்கோட்டுச் சட்டைக்காரர் நின்னுக்கிட்டே வர்றார்
எக்மோர் வரைக்கும் பக்கத்திலே எடம் கெடைக்கக் கூடாதா

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது யாரு எழுதினது? உங்க அத்தையா?" என்றாள். ஆமாம் என்றேன் பெருமையோடு. "அப்ப அந்தச் சட்டைக்காரர் யாரு பாப்பா?"

எனக்கு யாரென்று தெரியாது. ரயிலில் இடம் கிடைக்காமல் யாரோ ஒருவர் கால் கடுக்க நிற்கிறார், அத்தை இரக்கப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இன்னொரு தடவை சிரிக்கவைக்கும் ஆசை. சுற்றிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அடிக்குரல் பாடுகிறவர் உட்கார்ந்திருந்தார். வாரம் தவறாமல் பல்லாவரத்திலிருந்து வருகிறவர். பேசவே கூச்சப்படுவார். அன்று அவர் போட்டிருந்தது நீலக்கோட்டுச் சட்டை.

"இதோ, இந்த அங்கிள் சட்டையிலயும் நீலக்கோடு கீதே!" என்று எங்கள் தெருப்பையன்கள் மாதிரியே பேசி, விரலை நீட்டினேன்.

இந்தத் தடவை யாரும் உடனே சிரிக்கவில்லை. முதலில் அவரைப் பார்த்தார்கள். பிறகு வாசலைப் பார்த்தார்கள். சாவியோடு அத்தை நின்றிருந்தாள். அப்புறம்தான் சிரித்தார்கள். அவர் குனிந்து, கட்டியிருந்த செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அத்தை உள்ளே வந்து பெட்டியைத் திறந்து வைத்தாள். மாஸ்டர் வந்தார், பயிற்சி நடந்தது. அடிக்குரல் மட்டும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. ஆபீசில் வேலை அதிகமாம். அதற்கப்புறமும் வரவில்லை. அத்தையும் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு பாட்டெழுதவில்லை. கேட்டவர்களிடம் கண் வலிக்கிறது என்றாள்.

அன்று வீடு திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே குற்றத்துக்குத்தான் கேட்க முடிந்தது.

"தாளம் தப்பிடுச்சா அத்தை?"

"இல்லம்மா. தாளமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

பத்து நாள் கழித்து எனக்குக் கண்ணாடி மாற்ற எழும்பூருக்கு அழைத்துப்போனாள். அவள் வழக்கமாகப் போகிற காலை வண்டிதான். ஆனால் எப்போதும் ஏறுகிற பெட்டியைத் தாண்டி நடந்து, பெண்கள் பெட்டியில் ஏறினாள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பல்லாவரத்தில் வண்டி நின்றபோது அத்தை என் பழைய கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். வண்டி கிளம்பி மீனம்பாக்கம் வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் முழங்காலில் ஸ்டேஷன் பெயர்களைத் தட்டினேன். என் கையைப் பிடித்து நிறுத்தி, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மற்றப் பெட்டியில் கூட்டம். நான் வேடிக்கை பார்க்க ஜன்னலோரம் கிடைக்கட்டும் என்றுதான் பெட்டி மாறினாள் என்று நினைத்தேன்.

"தேங்க்ஸ் அத்தை" என்றேன்.