முகம் பார்க்காமல் ஏறிய ஸ்கூட்டர்

காலையில் கணவரோடு சண்டை. மாலை, நெல்லித்தோப்பில் நான் வேலை பார்க்கும் கடை வாசலில் கொட்டும் மழை. எங்கள் ஸ்கூட்டரும், அவருடைய ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் தெரிய, பேசாமல் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் அடக்க முடியவில்லை.

"சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேளுங்க, எல்லாத்தையும் மறந்துடறேன்" என்று முதுகில் சாய்ந்து அழுதேன்.

முதலியார்பேட்டையில் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியது என் கொழுந்தன்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணன்தான் உங்க கோபத்துக்குப் பயந்துகிட்டு என்னை அனுப்புச்சு. நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க, அண்ணி?" என்றவன், கோபத்தில் இருந்த தன் காதலிக்கு உடனே போன் போட்டான்.

"ரேவதி, சாப்பிட்டியா?"

துண்டோடு வெளியே வந்த என் கணவரிடம், "அண்ணே, நீயும் இதையே கேளு" என்றான்.

இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஸ்கூட்டரில் ஏறுகிறேன். மனதில் இருப்பதையும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.